பதின்மூன்றாவது பாட்டில்

ஸ்ரீனிவாசராகவன் தன் வாழ்நாளில் மொத்தம் பதின்மூன்று பாட்டில் ஒயின் வாங்கினார். பன்னிரண்டைக் குடித்தார். பதின்மூன்றாவது, மூடி திறக்காமல், அவருடைய பீரோவில் நின்றது. அவர் இறந்த மறுநாள் வேட்டி எடுக்கப் போன மகள் மதுவந்தி அதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அதிலும் பதின்மூன்றுதான். எண்ணிக்கை சரியாக இருந்தது.

பன்னிரண்டு பாட்டில், எண்பத்து நாலு வாரம். வாரத்துக்கு நூறு மில்லி, ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும். இந்தக் கணக்குள்ள மனிதரைத்தான் மயிலாப்பூர்ப் பாராயண சபையில் இருபது பேர் முன்னிலையில் குடிகாரன் என்று சொல்லி எழுப்பி அனுப்பினார்கள்.

சொன்னவர் அவளுடைய சொந்த மாமா, அம்மாவின் அண்ணா ராஜகோபாலன். மறுபடி சொன்னது நேற்று. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்கையில், வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி. "நான் அன்னிக்கே சொன்னேன். கேக்கலை. ஈரல் போயிருக்கும், வேறென்ன?"

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் மாரடைப்பு என்று இருந்தது. அப்பா கடைசியாக ஒயின் குடித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மதுவந்தி வாசலுக்குப் போகவில்லை, அழவுமில்லை. பெருங்குடியில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்க்கிற இன்ஜினியர் அவள். ஒரு கருவி தப்பாகக் காட்டினால் அதோடு சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, சரியான அளவை அதன் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவள் தொழில். இன்னும் பதினோரு நாள் இருந்தது. பதின்மூன்றாம் நாள், துக்கம் கழிகிற சுபம். அன்றைக்கு அதே இருபது பேரும் இந்தக் கூடத்தில் வந்து உட்காருவார்கள்.

அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

ஸ்ரீனிவாசராகவன் முப்பத்து மூன்று வருஷம் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். மிளகில் பப்பாளி விதை, நெய்யில் டால்டா, பாலில் தண்ணீர் எல்லாம் அவர் மேசைக்கு வந்துதான் தீர்ப்பு வாங்கும். அங்கே ஒரு விதி உண்டு. எந்த மாதிரியையும் வாயில் வைக்கக்கூடாது. அதை அவர் தேன் வந்தபோதும் மீறவில்லை, அல்வா வந்தபோதும் மீறவில்லை.

தொண்ணூற்று ஒன்றில் பெங்களூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து சிவப்பு ஒயின் மாதிரிகள் வந்தன. நாலு மாதம் அதோடு மல்லாடினார். புளிப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, ஆல்கஹால் எவ்வளவு என்று எழுதி எழுதி அனுப்பினார். சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. பழத்திலிருந்த அத்தனை இனிப்பும் எங்கோ போயிருந்தது. அது அவரை உறுத்தியது.

"அதோட எல்லா நம்பரும் எனக்குத் தெரியும்டீ மது," என்றார் ஒருநாள். "இனிப்பே இல்லாத திராட்சை ரசம் எப்படி இருக்கும்? அது மட்டும் தெரியாது. பொண்ணோட ஜாதகத்தை மனப்பாடம் பண்ணிட்டு மூஞ்சியே பாக்காத மாதிரி."

"பாத்துட வேண்டியதுதானே?"

"சர்வீஸ்ல இருக்கறவரைக்கும் கூடாது."

தொண்ணூற்று மூன்று ஜூன் முப்பதாம் தேதி சர்வீஸ் முடிந்தது. சகாக்கள் சுவர்க் கடிகாரம் வாங்கித் தருவதாக இருந்தார்கள். அவர் அது வேண்டாம், காய்ச்சி வடிக்கிற கண்ணாடிச் சாமான் ஒரு செட்டும் ஆல்கஹால் அளக்கிற மிதவைக்கோலும் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கழுத்து மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நெற்றி நாமத்தோடு நேராக ராயப்பேட்டையில் ஒரு ஒயின் ஷாப்பில் போய் நின்றார். கல்லாவில் இருந்தவன் பெயர் கபாலி. அவனோடு நடந்த பேச்சை அப்பா வீட்டில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"இன்னா சாமி, அட்ரஸ் எதுனா தெரியணுமா?"

"ரெட் ஒயின் இருக்கா?"

"ஒயினா?" கபாலி திரும்பிப் பார்த்துக் கத்தினானாம். "டேய், ஒயின் கேக்குறாருடா! சாமி, இது ஒயின் ஷாப்பு. இங்க வந்து ஒயின் கேட்டா எப்டி? குவாட்டரு கீது, ஆஃபு கீது."

"மேல, அந்த மூலையில நிக்கறதே, அது என்ன?"

கபாலி ஸ்டூல் போட்டு ஏறி, துணியால் தூசி தட்டி எடுத்தான். "இதுவா? இது இன்னா தெரிமா, வெல கம்மிதான், ஆனா ஒரே புளிப்பு. வாங்கினு போனவன் அத்தினி பேரும் திருப்பிக் குட்த்துட்டான். தித்திப்பா வோணும்னா போர்ட்டு ஒயினு எட்துனு வரவா? ஒடம்புக்கு நல்லது."

"புளிப்புதாம்ப்பா வேணும்."

"சரி நைனா, உன் தலையெழுத்து," என்று சொல்லிச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். அடுத்த தடவையிலிருந்து அப்பாவைப் பார்த்ததுமே ஸ்டூலை இழுத்துப் போடுவானாம்.

வீட்டில் அம்மா கோமளம் கறாராகச் சொல்லிவிட்டாள். சமையல் நடக்கிற தளிகை உள்ளுக்குள் அது வரக்கூடாது. ஃபிரிஜ்ஜிலும் வைக்கக்கூடாது. அப்பா ஒத்துக்கொண்டார். பாட்டிலின் சீட்டில், அறை வெப்பநிலையில் பரிமாறவும் என்று போட்டிருந்தது.

"எந்த ஊர் அறை?" என்று கேட்டுச் சிரித்தார். "இந்த அறையில இன்னிக்கு முப்பத்து நாலு டிகிரி. இந்தச் சூட்டில குடிச்சா வெந்நீர்ல புளியைக் கரைச்ச மாதிரிதான் இருக்கும். கபாலியோட கிராக்கியெல்லாம் ஏன் திருப்பிக் குடுத்தான்னு இப்பத் தெரியறதா?"

ஈரத் துண்டைச் சுற்றி, மின்விசிறிக்கு நேர் கீழே பாட்டிலை வைத்து, வெப்பமானியைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். துண்டு காயக் காயத் தண்ணீர் தெளித்தார். இருபத்து நாலு டிகிரிக்கு வர ஒரு மணி நேரம் பிடித்தது. முழுப் பாட்டிலையும் திறந்து வைத்தால் காற்றுப் பட்டுக் காடியாகிவிடும். அதனால் நூறு மில்லி பிடிக்கிற ஏழு சின்ன மருந்துப் புட்டிகளில் கழுத்து முட்ட ஊற்றி, கார்க் அடித்து, மெழுகு வைத்துச் சீட்டு ஒட்டினார். ஏழு புட்டி, ஏழு ஞாயிறு. மிஞ்சிய ஐம்பது மில்லி சோதனைக்கு. ஆல்கஹால் பதினொன்றரை சதவீதம், சர்க்கரை லிட்டருக்கு இரண்டு கிராம் என்று நோட்டில் ஏறியது.

முதல் புட்டியைக் கண்ணாடிப் பீக்கரில் ஊற்றிக் குடித்தார். வீட்டில் வேறு கண்ணாடிப் பாத்திரம் இல்லை. ஒரு வாய் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்கவேயில்லை. மதுவந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பா?"

"துவர்ப்பு," என்றார். "நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குமே, அது. முதல்ல புளிப்பு வரது, மூஞ்சியைச் சுளிக்கறோம். அது போற வழியில துவர்ப்பு வந்து உக்காந்துக்கறது. இனிப்பு இருந்திருந்தா இது ரெண்டையும் மூடியிருக்கும். அதான் எடுத்துட்டிருக்கான்." கொஞ்சம் யோசித்தார். "மிளகுத் தட்டை இருக்கா?"

இருந்தது. அதைக் கடித்துக்கொண்டு மீதியைக் குடித்தார். ஆறு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்தார். பீக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவருடைய குடி இவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை அவர் பாராயண சபைக்குப் போவார். மாடவீதிப் பக்கம் ஒருவர் வீட்டு மாடியில் இருபது இருபத்தைந்து பேர் கூடிப் பாசுரம் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக இரண்டாம் வரிசையில் இடமிருந்து இரண்டாவது இடம் அவருடையது. குரல் பெரிசில்லை, ஆனால் ஓரடி தப்பாது. முன்வரிசை மறந்தால் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பது அவர்தான். சபைக்குக் காரியதரிசி ராஜகோபாலன். கோர்ட்டில் நீதிபதிக்குக் கீழே சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் பூராவும் அடுத்தவர் தீர்ப்புச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, ரிட்டையரானதும் தானே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

தொண்ணூற்று ஐந்து மாசி மாதம் பஞ்சாங்கம் தேடி அப்பாவின் பீரோவைத் திறந்த ராஜகோபாலன், மெழுகு வைத்த புட்டி ஒன்றைக் கண்டார். ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். நாலு நாள் பொறுத்திருந்து, சனிக்கிழமை கோஷ்டி பூராவும் உட்கார்ந்த பிறகு ஆரம்பித்தார்.

அங்கே என்ன நடந்தது என்பதை அப்பா வீட்டில் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்த வெங்கடரமணன்தான் இப்போது சொன்னார். அவர் அப்பாவுக்குப் பக்கத்து இடத்துக்காரர்.

"குடிச்சுட்டு வரவாளுக்கு இங்க இடமில்லை, எழுந்து போகலாம்னார் உங்க மாமா. சீனு ஸ்வாமி மெதுவா எழுந்துண்டார். 'நான் குடிச்சது ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு சனி'ன்னார். அவ்வளவுதான் சொன்னார்." வெங்கடரமணன் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன், குழந்தை."

அன்று சாயங்காலமே அப்பாவின் புத்தகப் பலகை, மடக்கி, சணல் கயிற்றால் கட்டி, ஆள்மூலம் வீட்டுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷம் சபையிலேயே இருந்த பலகை. கூடவே சபைக் குறிப்பேட்டிலிருந்து ஒரு நகல். 'மது எந்த ரூபத்திலும் உட்கொள்பவர் கோஷ்டியில் அமரலாகாது.' கீழே ராஜகோபாலன் கையெழுத்து. கோமளம் அதைப் படித்துவிட்டு, "அண்ணா ஒண்ணு செஞ்சா சரியாத்தான் இருக்கும்," என்றாள். அப்பா பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அதற்கப்புறம் அவர் வீட்டில்கூடப் பாசுரம் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு, மீதியிருந்த ஒரு புட்டியைத் தொட்டியில் கொட்டினார். முந்தின வாரம் வாங்கி வந்திருந்த பதின்மூன்றாவது பாட்டிலைத் திறக்கவேயில்லை. ஏன் கபாலியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை என்று மதுவந்தி கேட்டபோது, "அவன் பாவம், எனக்குன்னு வரவழைச்சான்," என்றார்.

ஆக, எண்பத்து நாலு வாரம்கூடக் கிடையாது. எண்பத்து மூன்று.

ஆறாம் நாள் ராஜகோபாலன் சமையல்காரரோடு பேச வந்தார். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டார். சாப்பிட்டதும் துணிப்பையிலிருந்து ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்து, வெள்ளி டம்ளரில் ஓர் அவுன்ஸ் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். உதட்டை நக்கிக்கொண்டார். திராட்சை ஆசவம் என்கிற ஆயுர்வேத மருந்து. ஜீரணத்துக்கு. மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அவுன்ஸ், பதினைந்து வருஷமாக. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கோமளத்துக்கும் மாதம் ஒரு பாட்டில் அவர்தான் வாங்கித் தருவார்.

மதுவந்தி அன்றுதான் அந்தப் பாட்டிலைப் படித்தாள். கருவியின் சீட்டை முழுதாகப் படிப்பது அவளுக்குத் தொழில் பழக்கம். திராட்சை, வெல்லம், காட்டாத்திப்பூ, கிராம்பு. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், தானாக விளைந்த ஆல்கஹால் இருப்பதாக ஒரு வரி.

அவள் மறுபடி படித்தாள். திராட்சையைப் புளிக்க வைத்தால் என்ன வரும்? வேதியியல் படிக்க வேண்டாம், கபாலிக்கே தெரியும்.

"பாட்டிலைப் போட்டு உடைச்சுடாதேடீ," என்றார் ராஜகோபாலன். "ஒரிஜினல் மருந்து. உங்கப்பன் சாப்பிட்ட சாக்கடைத் தண்ணி இல்லை."

"இல்லை மாமா, பாத்துண்டிருக்கேன்," என்று சொல்லித் தயாரிப்பு எண்ணை மனதில் குறித்துக்கொண்டாள். அம்மாவின் அலமாரியில் இருந்ததும் அதே எண்.

அன்று இரண்டு யோசனைகள் இருந்தன அவளிடம். முதலாவது மிக இனித்தது. அப்பாவின் ஒயினை மாமாவின் பழுப்புப் பாட்டிலில் ஊற்றிவிடுவது. சுபத்தன்று, கோஷ்டி முன்னால், அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடித்து முடித்த பிறகு சொல்வது. இதை நினைத்து அவள் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கினாள், அப்பா போனதிலிருந்து முதல்முறையாக. காலையில் கைவிட்டாள். இரக்கத்தால் அல்ல. மாதிரியில் கை வைத்தால் அறிக்கை செல்லாது. அப்பா ஒரு முறைகூட அதைச் செய்ததில்லை. செல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு அந்த ஆளை ஜெயிக்க அவள் விரும்பவில்லை. மிஞ்சியது இரண்டாவது யோசனை, ஆசவத்தையே அளப்பது.

எட்டாம் நாள் மத்தியானம், கர்மா செய்கிற தம்பி சாய்சரணும் மற்றவர்களும் அசந்திருந்த நேரத்தில், அறைக் கதவைத் தாழிட்டு, அப்பாவின் கண்ணாடிச் சாமானைப் பொருத்தினாள். அம்மாவின் பாட்டிலிலிருந்து நூறு மில்லி அளந்து காய்ச்சினாள். குழாயின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நிறமில்லாத திரவம் இறங்கியது. கிராம்பு வாசனையைத் தாண்டி இன்னொரு வாசனை வந்தது, ராயப்பேட்டைக் கடை வாசலில் வருகிற வாசனை. அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மிதவைக்கோலை விட்டாள். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் ஆல்கஹால் ஒன்பது புள்ளி இரண்டு சதவீதம்.

மாமாவுக்கு வாரத்துக்கு இருபத்தோரு அவுன்ஸ். அறுநூற்று முப்பது மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் ஐம்பத்தெட்டு மில்லி. அப்பாவுடையது வாரத்துக்குப் பதினொன்றரை.

ஐந்து மடங்கு. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. முகத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டாள்.

"அங்க என்னடீ வாசனை?" என்று கோமளம் கூடத்திலிருந்து கேட்டாள்.

"கஷாயம்மா."

சுபத்தன்று கோஷ்டி வந்தது. கூடத்தில் இரண்டு வரிசையாக உட்கார்ந்து பாசுரம் சொன்னார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவர் ஓரடி தப்பினார். எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் ஒரு நிமிஷம் தடுமாறிப் பிறகு சமாளித்தார்கள். மதுவந்தி தூண் ஓரம் நின்று கேட்டாள். சாப்பாடு நடந்தது. திருக்கண்ணமுதுப் பாயசத்தை ராஜகோபாலன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் கூடத்தில் வந்து சாய்ந்ததும் துணிப்பையைத் திறந்தார், பழுப்புப் பாட்டிலை எடுத்தார், ஊற்றினார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அவர் டம்ளரைக் கீழே வைக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"மாமா, ஒரு தீர்ப்புச் சொல்லணும். உங்களை விட்டா ஆளில்லை."

ராஜகோபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு."

அப்பாவின் ஆபீஸ் அறிக்கை மாதிரியே கோடு போட்டு எழுதிய தாளை நீட்டினாள். "ரெண்டு பேர். ரெண்டு பேரும் திராட்சையில பண்ணின சரக்கு சாப்பிடறா. பேர் போடலை, அ, ஆன்னுதான் போட்டிருக்கேன். உரக்கப் படிங்கோ. எல்லாரும் கேக்கட்டும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கோர்ட்டில் படித்த குரல், நன்றாகவே ஒலித்தது. "மாதிரி அ. ஆல்கஹால் பதினொன்றரை சதவீதம். சர்க்கரை லிட்டருக்கு ரெண்டு கிராம். வாரத்துக்கு ஒரு முறை, நூறு மில்லி. மாதிரி ஆ. ஆல்கஹால் ஒன்பது புள்ளி ரெண்டு. ஏராளமான வெல்லம். தினம் மூணு முறை, முப்பது முப்பது மில்லி. வாரத்துல உள்ளே போற ஆல்கஹால், அ பதினொன்றரை மில்லி, ஆ ஐம்பத்தெட்டு மில்லி. அடேயப்பா! தினம் மூணு வேளையா?"

"ஆமா. இதுல யார் மாமா குடிகாரன்?"

"இதுக்கு ஒரு சிரஸ்தார் வேணுமாக்கும்? ஆ-தான். மொடாக்குடியன்னா இவன். அந்த அ-வாவது வாரத்துக்கு ஒரு நாள், ஒழியட்டும்." சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "உங்கப்பன் சிநேகிதாளா ரெண்டு பேரும்?"

"அந்த ஆ பாராயண சபையில இருக்கார். சனிக்கிழமை காலம்பற ஒரு அவுன்ஸ் போட்டுண்டுதான் பாசுரம் சொல்ல உக்காருவார். என்ன பண்ணலாம்?"

"யாரது? நம்ம சபையிலயா?" ராஜகோபாலன் குரல் உயர்ந்தது. "ரூல் இருக்கே! எந்த ரூபத்திலும்னு நானே எழுதியிருக்கேன். கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளணும். யார்னு சொல்லு!"

"அ எங்கப்பா," என்றாள் மதுவந்தி. "ஆ உங்க டம்ளர்ல இருக்கு. இன்னும் காயலை."

வெங்கடரமணன் கையை நீட்டிப் பழுப்புப் பாட்டிலை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சீட்டைப் படித்தார். படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"இது மருந்துடீ!" என்று கத்தினார் ராஜகோபாலன். "சாஸ்திரத்துல சொன்ன மருந்து! வைத்தியர் குடுக்கறது! இதையும் அந்தக் கருமத்தையும் ஒண்ணா வைப்பாளா யாராவது? பொட்டைக் கழுதை, சபையில வந்து…"

"மருந்துன்னா எந்த ரூபம் மாமா? எந்த ரூபத்திலும்னு எழுதினது நீங்கதானே?"

"கோமளம்! உன் பொண்ணைக் கூப்பிடு உள்ள!"

கோமளம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும்தான் மதுவந்திக்கு உறைத்தது. அளந்தது அம்மாவின் பாட்டில். மாமாவின் வேளைகளை எண்ணியவள், அம்மாவும் தினம் ராத்திரி ஓர் அவுன்ஸ் குடிப்பதை மறந்தே போயிருந்தாள். பழி வாங்குகிற வேகத்தில் தாயையும் அதே தாளில் எழுதியிருந்தாள்.

கோமளம் உள்ளே போனாள். கொஞ்சம் நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது கையில் அவளுடைய பழுப்புப் பாட்டில் இருந்தது. அதை அண்ணாவின் வெள்ளி டம்ளருக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.

"அண்ணா, இது நீ எனக்கு வாங்கிக் குடுத்தது. பத்து வருஷமாக் குடிக்கறேன். அவரை எழுந்து போகச் சொன்னியே, இப்ப என்னையும் எழுந்து போகச் சொல்லு."

"நீ வேறயா? உனக்கென்ன தெரியும்…"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். நீ செஞ்சா சரியா இருக்கும்னு அவர்கிட்டயே சொன்னேன்." அவள் குரல் உடையவில்லை. "அவர் பதில் சொல்லலை. கட்டிலுக்குக் கீழ பலகையைத் தள்ளினார். நான் பாத்துண்டு நின்னேன். எழுந்து போகச் சொல்லு, அண்ணா."

ராஜகோபாலன் எழுந்தார். பையை எடுத்தார், பாட்டிலை எடுக்கப் போனார், அது மூன்றாவது ஆள் கையில் இருந்தது, விட்டுவிட்டார். செருப்பு மாட்டும்போது தடுமாறினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னொருவரிடம் தொற்றியது. மதுவந்தி அதைக் காது குளிரக் கேட்டாள். பதினோரு மாதம் தாமதமாக, சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்த சிரிப்பு.

வெங்கடரமணன் சிரிக்கவில்லை. "சீனு ஸ்வாமியோட பலகை இருக்கா?" என்று கேட்டார். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சணல் கயிறு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அவர் அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

சனிக்கிழமை அவள் சபைக்குப் போனாள். பெண்கள் உட்காரும் பின்பக்கம் உட்கார்ந்தாள். இரண்டாம் வரிசையில், இடமிருந்து இரண்டாவது இடத்தில், அப்பாவின் பலகை விரித்து வைத்திருந்தது. அதன் பின்னால் யாருமில்லை. முன்வரிசையில் மாமா உட்காரும் நடு இடமும் காலி. அவள் அப்பாவின் இடத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தாள். மற்றதைத்தான் பாராயணம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மாமி ஃபோன் செய்தாள். "மது, உங்க மாமா மூணு நாளாச் சரியாவே சாப்பிடலைடீ. பேச்சே இல்லை. சாப்பிட்டாலும் ஜீரணமாகலைங்கறார். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னியானா…"

"அப்பாவும் அப்படித்தான் மாமி இருந்தார். பதினோரு மாசம்," என்றாள் மதுவந்தி. "மாமாவுக்கு இன்னும் நாள் இருக்கு." வைத்துவிட்டாள்.

ஞாயிறு மாலை ஈரத் துண்டைச் சுற்றிப் பதின்மூன்றாவது பாட்டிலை மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். தை மாதக் குளிர்ச்சி, முக்கால் மணியிலேயே இருபத்து நாலுக்கு வந்துவிட்டது. திறந்தாள். ஏழு புட்டி நிரப்பி ஆறுக்கு மெழுகு வைத்தாள். மீதி ஒன்றைப் பீக்கரில் ஊற்றினாள். வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரத்தில் கொஞ்சம் செங்கல் நிறம் தட்டியிருந்தது. ஒரு வருஷம் பீரோவில் நின்றதன் அடையாளம்.

கோமளம் கதவருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. ஒரு தட்டைத் தரை வழியாகத் தள்ளினாள். மிளகுத் தட்டை.

மதுவந்தி ஒரு வாய் குடித்தாள். முதலில் புளிப்பு வந்தது. முகம் தானாகச் சுளித்தது. விழுங்காமல் வைத்திருந்தாள். புளிப்பு போகிற வழியில் நாக்கின் இரண்டு ஓரமும் இழுத்துக்கொண்டது. நாவற்பழம். அப்புறம் பழம் போய், வெற்றிலை பாக்கு மென்ற பிறகு இருப்பது போல ஒரு காய்ந்த சுத்தம். தட்டையைக் கடித்தாள். மிளகு எரிந்தது. அடுத்த வாய் அந்த எரிச்சலை எடுத்துக்கொண்டு போயிற்று. இனிப்பு எங்குமே இல்லை. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"எப்படிடீ இருக்கு?" என்று கோமளம் கேட்டாள். அப்பாவிடம் ஒருநாளும் அவள் கேட்காத கேள்வி.

"துவர்ப்பும்மா. நன்னா இருக்கு."

ஆறரைக்கு முடித்தாள். பீக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்பாவின் நோட்டைப் பிரித்து, கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு, கட்டங்களை நிரப்பினாள்.

பாட்டில் 13, புட்டி 1. வெப்பம்: 24. நிறம்: சிவப்பு, ஓரம் செங்கல். மணம்: பழம், கொஞ்சம் மரம். ருசி: புளிப்பு, பிறகு துவர்ப்பு. இனிப்பு இல்லை.

கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அப்பா அதில் எப்போதாவது மழை என்றோ மின்வெட்டு என்றோ எழுதியிருப்பார். அவள் பேனாவைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு எழுதினாள்.

நேற்று ராஜகோபாலன் வரவில்லை.